ஆளுக்கொரு துண்டு

போன வாரம் என் வீட்டு நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தேன். மாட்டுவதற்குக் கையில் படம் இல்லை. படம் வரப்போகிறது என்ற தைரியத்தில் அடித்த ஆணி.

காரணம், திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு கார்டு. 'சித்திரசாலையை மூடுகிறோம். பெரிய படத்தில் தங்கள் தகப்பனார் இருக்கும் பகுதி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து பெற்றுக்கொள்ளவும். இப்படிக்கு, ஆரோக்கியசாமி.'

திண்டுக்கல் பக்கத்து வாசகர்களுக்கு அந்தச் சித்திரசாலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு நீளமான கூடம். ஆரோக்கியசாமியின் அப்பா தொடங்கியது. சாமி படம், மலைக்கோட்டை, ஆறு, குளம் எல்லாம் சுவர் முழுக்கத் தொங்கும். வாங்கலாம்; பார்த்துவிட்டுச் சும்மாவும் போகலாம். நாங்கள் எல்லாம் இரண்டாவது ரகம். மதுரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் உள்ளே நுழைவோம். பானைத் தண்ணீர் குடிப்போம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவோம்... எங்கள் பிரமாதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஊரில் கடைக்குக் கடை காலண்டர் இனாமாகக் கிடைக்கிறது.

கோடிச் சுவரில்தான் அந்தப் பெரிய படம். சுவர் அகலத்துக்கும் பலகை அடித்து, அதன்மேல் துணி ஒட்டி, ஆரோக்கியசாமியின் அப்பா வரைந்த சந்தை. அதில் இருக்கிற ஒவ்வொரு முகமும் நிஜ முகம். ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து வரைந்தாராம்.

என் அப்பாவும் அதில் இருக்கிறார். எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார். எனக்கு நாலு வயதாகும்போது போய்விட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. படத்தில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். "சொன்ன விலையைக் குடுத்துட்டு வார மனுசன் அவரு. அவராவது பேரம் பேசுறதாவது" என்று அம்மா கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. முகம் மட்டும் அவர் முகம்தான் என்பாள். எனக்கு அப்பா என்றால் அந்த முகம்தான். வேறு முகம் தெரியாது.

அந்தப் படத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர் இறந்துபோனால், அமாவாசைக்கு அமாவாசை வீட்டார் வருவார்கள். படத்துக்கு அடியில் ஒரு நீளப் பலகை. அவரவர் ஆளுக்கு நேர் கீழே ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போவார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆரோக்கியசாமி மாதா கோயிலுக்குப் போகிறவர். ஒருநாளும் தடுத்ததில்லை. "பொட்டு மட்டும் வச்சிராதீங்க, வார்னிஷ் போயிரும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. மற்ற படங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. பெரிய படத்தின் முன்னால் ஒரு ஆசாரி ரம்பத்தோடு நிற்கிறார். படத்தின்மேல் சாக்பீஸில் கட்டம் கட்டமாகக் கோடு. ஆளுக்கொரு கட்டம்.

என் அப்பாவின் கட்டத்தில் வில்லங்கம். கத்தரிக்காய் விற்கிற அம்மாளின் கை, அப்பாவின் குடைக்குக் குறுக்கே நீண்டிருக்கிறது. சித்தையன்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர் அந்த அம்மாளுக்கு மருமகன் முறை.

"எங்க அத்தைய கையோடதான் அறுக்கணும். கை இல்லாம எப்படி வீட்ல மாட்டுறது?" என்றார்.

"குடை இல்லாமல் எங்கப்பாவை மட்டும் எப்படி மாட்டுவது?" என்றேன் நான்.

நாலு விரல் அகலத்துக்கு இரண்டு பேரும் மல்லுக்கு நின்றோம். வாராவாரம் உங்களுக்கெல்லாம் விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதுகிற அதே ஆசாமிதான்.

ஆரோக்கியசாமியின் மனைவி திரேசம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

"எங்க மாமா போட்ட படத்தை அம்புட்டுப் பேரும் பங்கு போட்டாச்சு. சந்தோசம். நடுவுல நிக்கிற மாடு யாருக்கு? அந்த மேகம் யாருக்கு?"

மாட்டைச் சுற்றி ஒரு கோடும் இல்லை.

ஆரோக்கியசாமி சுவரைப் பார்த்தபடியே பேசினார். "சின்னாளபட்டியில மக வீட்டோட போறோம். ரெண்டு ரூம்பு. இம்புட்டு அகலச் சுவரு அங்க ஏது? முழுசா வச்சுக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கல அப்பு. எல்லாரும் அவங்கவங்க ஆளத்தான் கேட்டாங்க. துண்டு துண்டாவாச்சும் அப்பா கை நாலு வீட்டுல இருக்கட்டும்னுதான் கார்டு போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேளுங்கள், குடையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"எங்கருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார் ஆசாரி. ஆரோக்கியசாமி இடது ஓரத்தைக் காட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. "செத்த நேரம் இருப்பா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க, இதுல எங்க அய்யன் இருக்காருங்களா?"

ஒட்டன்சத்திரத்து வியாபாரி. மறுநாளிலிருந்து அந்தக் கூடம் அவருடைய வெங்காயக் கிடங்கு. இடத்தை அளக்க டேப்போடு வந்தவர். அவருடைய அய்யன், அதாவது அப்பா, அந்தக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு இந்தச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவருவாராம்.

ஆரோக்கியசாமி எழுந்து வந்தார். படத்தில் உள்ள வண்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது இன்னார், இது இன்னார்... கடைசி வண்டிவரை வந்துவிட்டார்.

"இல்லியேப்பா. ஒட்டன்சத்திரத்து ஆளு யாரையும் எங்கப்பா போடல."

வியாபாரி தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

"அறுக்க வேண்டாமுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் மூட்டைய இந்தப் பக்கமா அடுக்கிக்கறனுங்க."

"உன் ஆளு ஒருத்தரும் இதுல இல்லியேப்பா" என்றார் திரேசம்மாள்.

"எங்க அய்யன் பாத்த சந்தைங்க இது. அவரு பாத்தது அத்தனையும் இருக்குது. அவரு மட்டும்தானுங்க இல்ல."

சித்தையன்கோட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். ஆசாரி ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார்.

திரேசம்மாள் ஈரத் துணியோடு வந்து கோடுகளைத் துடைக்கத் தொடங்கினார். அந்த அத்தையின் கையும் அப்பாவின் குடையும் மறுபடி ஒன்றாகின. ஆரோக்கியசாமி பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். சாவியை வியாபாரி கையில் கொடுக்கும்போது, வார்னிஷ் எப்போது அடிக்க வேண்டும், எத்தனை பூச்சு, அமாவாசைக்கு யார் யார் பூ வைக்க வருவார்கள் என்று மூன்று தடவை சொன்னார். அவரும் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

"அமாவாசைக்குப் பூ வைக்க வாறவங்க எப்பவும்போல வாங்க. மூட்டை மேல மட்டும் உக்காராதீங்க. வெங்காயம் நசுங்கிப் போயிருமுங்க" என்றார் எங்களைப் பார்த்து.

முப்பது வருஷம் வந்துபோன எங்களில் ஒருவருக்குக்கூட முழுப் படத்தையும் கேட்கத் தோன்றவில்லை. ஏன்? எங்கள் ஆள் அதில் இருந்தார். அவரைத் தாண்டி நாங்கள் பார்க்கவே இல்லை. தன் ஆளைத் தேடிக் காணாதவருக்குத்தான் மாடும் மேகமும் கண்ணில் பட்டிருக்கின்றன.

வெறுங்கையோடு மதுரை பஸ் ஏறினேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் வீட்டுக்கு வந்திருந்தால் அப்பா இங்கே தனியாக யாரிடம் பேரம் பேசுவார்?

ஆணியைப் பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும் என்கிறாள் மனைவி. இப்போதைக்கு அதில் என் குடையை மாட்டியிருக்கிறேன்.