வியாழக்கிழமை மேசைகள்

கொளஞ்சிநாதன் பட்டறைக்கு வியாழக்கிழமைதான் வருவார். 2007 ஜூனில் ஒரு முறை மட்டும் செவ்வாயன்று வந்தார். அந்த வாரம் வியாழனன்று பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடமாக ரீடர். மேலாண்மைத் துறையில் குழு வேலை, பேச்சுவார்த்தை, பலதரப்பட்ட மனிதர்கள் சேர்ந்து உழைப்பது எல்லாம் அவர் பாடம். விருத்தாசலத்தின் இந்தப் பீங்கான் பொம்மைப் பட்டறையை வைத்து எழுதிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே மேசையில் கலந்து உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறு சுரண்டினால் பொம்மை குறைவாக உடைகிறது என்பது ஒன்பது வருட ஆராய்ச்சியின் முடிவு. பதவி அதை நம்பித்தான் இருந்தது.

உள்ளே நுழைந்தார். ஊர்ப் பெண்கள் ஒரு மேசையில், காலனிப் பெண்கள் சூளை ஓரம் இன்னொன்றில்.

மேஸ்திரி கலியமூர்த்தி பதறி எழுந்தார். "சார், இன்னிக்கு செவ்வாக்கெழமதான? ஏய், மாறி ஒக்காருங்க!"

பெண்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் நகர ஆரம்பித்தார்கள்.

"இருங்க" என்றார் கொளஞ்சிநாதன். "தினமும் இப்பிடித்தானா?"

சூளை ஓரத்திலிருந்து வாசுகி சொன்னாள்: "நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கலந்து ஒக்காருவோம் சார். நீங்க பஸ்ஸு ஏறுனதும் அவங்கவங்க எடத்துக்குப் போயிடுவோம்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எத்தினி ஒடஞ்சுதுன்னுதான கேட்டீங்க."

ஊர் மேசையில் ராஜம்மாள் முகத்தை இழுத்தாள். "ஒரு நாளு ஒக்காந்ததுக்கே எங்க வூட்ல பேச்சு."

"ஆமா, ஒன் மூஞ்சப் பாத்துக்கிட்டு ஒக்காரணும்னு நாங்க வேண்டிக்கிட்டோம் பாரு" என்றாள் வாசுகி. எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மாளும்.

ஒரு மாதம் நிஜமாகவே கலந்து உட்கார முடியுமா என்று கேட்டார். தன் குரல் வகுப்பறைக் குரலாக இருப்பது அவருக்கே கேட்டது.

"மொதல்ல எங்க தலைக்கு மேலயும் ஒரு காத்தாடி போடச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் வாசுகி.

நிமிர்ந்து பார்த்தார். ஒரே காத்தாடி. ஊர் மேசைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தி வாசல்வரை கூடவே வந்தார். "விடுங்க சார். யாருக்குத் தெரியப்போவுது? தெனமும் கலந்து ஒக்காந்ததாத்தான என் நோட்டுல எழுதியிருக்குது."

அது உண்மைதான். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் கொளஞ்சிநாதன் எஸ்.டி.டி. கூண்டில் ஏறினார். முதலில் பட்டறை முதலாளியைக் கூப்பிட்டுக் காத்தாடியைப் பற்றிச் சொன்னார். பார்க்கலாம் என்றார் முதலாளி. அடுத்து பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, கட்டுரையைப் போட வேண்டாம் என்றார்.

வியாழனன்று தேர்வுக்குழுவின் முதல் கேள்வியே அந்தக் கட்டுரைதான். திரும்ப வாங்கிவிட்டேன் என்றார். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற என்ன வச்சிருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல சார்."

வெளியே வந்ததும் பசித்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.