பதினைந்து நாள் தாமதம்

கான்கிரீட் வார்க்க அடித்திருந்த ஷட்டரிங் பலகையைப் பிரித்த அன்று காலை மேஸ்திரியின் கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. கான்கிரீட் சுவரில் காதை வைத்துக்கொண்டு சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். மூலைக்கு வந்ததும் நின்றார். அதே இடத்தில் மறுபடியும் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், இங்க உள்ள பொக்கையா கீது" என்றார்.

கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் அங்கே திட்டமிடல் பிரிவில் இளநிலைப் பொறியாளர். எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று அட்டவணை போட்டு எல்லோரையும் நச்சரிப்பதுதான் என் உத்தியோகம். மேஸ்திரி காவாந்தண்டலத்துக்காரர், இருபது பேர் கொண்ட செட்டோடு வந்திருந்தார். எனக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் அவரை யாரும் 'வாங்க' என்று சொன்னதில்லை. சைட்டில் நான் 'வாங்க மேஸ்திரி' என்றபோதெல்லாம், முதல் வாரம் முழுக்க, தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அணு மின்சாரத்தில் எரிபொருள் செலவு கொஞ்சம்தான். கட்டுகிற செலவுதான் ஆளை முழுங்கும். கடன் வாங்கிக் கட்டுகிறோம். ஒரு யூனிட்கூட விற்காமலே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு நாள் தாமதமும் எனக்கு வட்டிக் கணக்காகத்தான் தெரியும். சூரியத் தகடு மலிவுதானே என்பார்கள். மலிவுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே சுவிட்சைத் தட்டும்போது இன்றைக்கும் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது. அந்தப் புகையை நிறுத்த வேண்டுமானால் இரவும் பகலும் சளைக்காமல் ஓடுகிற ஒன்று வேண்டும். பேட்டரி வருகிறது, வரட்டும். அது மட்டும் போதும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று என்ன சொன்னேன் தெரியுமா? "மேலாகப் பூசிடலாமே, மேஸ்திரி?" சொல்லும்போதே நாக்கு கூசியது. மூலையை உடைத்து மறுபடி வார்க்கப் பதினைந்து நாளாவது ஆகும் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டிருந்தது.

மேஸ்திரி கோபப்படவில்லை. "பூசினா உங்களுக்குப் பதினஞ்சு நாள் மிச்சம். நாளைக்கு இந்தச் செவுரு வுட்டுச்சின்னா, நம்மூரு இன்னா ரொம்ப தூரத்துலயா கீது? எம் பொண்ணு அங்கதான் படிச்சிக்கினு கீது. கலவைய குலுக்கி எறக்கற வைப்ரேட்டர் புடிச்சவன் நம்ம ஆளுதான், சரியா போடாம வுட்டுட்டான். தப்பு எங்களுது. எய்திக்குங்க."

எழுதினால் மொத்தச் செட்டுக்கும் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுதினேன். கான்ட்ராக்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்து, எல்லோரையும் ஊருக்கு அனுப்பச் சொன்னார். மத்தியானத்துக்குள், அவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த தகர ஷெட்டில் பெண்கள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். மேஸ்திரி அலுவலக வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். என்னால் உட்கார முடியவில்லை. தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய், பூசச் சொன்னது நான், மறுத்தது மேஸ்திரி என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு கான்ட்ராக்டரிடம், "தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஆளை அனுப்பிட்டு, நான் யாரை நம்பி உலை கட்டறது? இவரே உடைக்கட்டும், இவரே வார்க்கட்டும்" என்றார். சாயங்காலம் ஷெட்டில் சாக்குகளை அவிழ்த்து உலை வைத்தார்கள். பதினைந்து நாளும் ஆனது. அட்டவணையில் அத்தனையும் சிவப்பு.

அந்த நிலையம் ஓடத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் மேஸ்திரியை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"புதுசா இன்னொரு உலை கட்டப்போறாங்களாம், மேடம். செட்டோட கூப்ட்டுக்கீறாங்க. நீங்களும் வர்றீங்களா?"

"வரேன், மேஸ்திரி. இந்த வாட்டி பூசச் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்களேன், அதுக்கு இன்னா இப்போ? நான்தான் பூச மாட்டேனே" என்று சிரித்துக்கொண்டே காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினார்.