கண் டாக்டரிடம் மகள் ஆடிய ஆட்டம்

நம் மலாயா நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், அடைந்த வருடம் அது. மலாக்கா காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்கு பார்த்தாலும் காகிதக் கொடிகள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் மகளைப் பற்றிய கவலை.

என் மூத்த மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அக்கம்பக்கத்து மலாய்ப் பிள்ளைகளோடும், மலாய் பேசும் தமிழ் வம்சத்துச் சிட்டிப் பிள்ளைகளோடும் செரம்பான் கல் ஆடுவாள். கல் என்று பேர்தான். அரிசி அடைத்த சின்னத் துணிப் பைகள். ஒன்றை மேலே வீசிவிட்டு, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை அள்ள வேண்டும். அதில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், இடது பக்கம் கிடப்பதை மட்டும் விட்டுவிட்டுத் தோற்க ஆரம்பித்தாள். "பூத்தா! பூத்தா!" என்று, குருடி என்பதை மலாயில் சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்ய, அழுதுகொண்டு வருவாள். கதவில் இடது தோளை இடித்துக்கொள்வாள். தலைவலி வேறு. என் மனைவி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள்.

லீவு போட்டேன். சைக்கிளின் முன்கம்பியில் மகளை உட்காரவைத்து, டவுனில் இருந்த ஒரு சீனக் கண் டாக்டரிடம் போனேன். சுவரில் கறுப்புத் துணி, அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு கண்ணைக் கட்டிவிட்டார். மறு கண்ணால் புள்ளியையே பார்க்க வேண்டும். குச்சி முனையில் ஒரு வெள்ளை மணியை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவருவார். கண்ணைத் திருப்பாமல், மணி தெரிந்ததும் சொல்ல வேண்டும். அவர் மலாயில் சொன்னதை அவளுக்கு விளக்கிவிட்டு, பின்னால் உட்கார்ந்து முருகா முருகா என்றிருந்தேன்.

எந்தப் பக்கம் மணி வந்தாலும் "அடா! அடா!" என்றாள். இருக்கிறது, இருக்கிறது என்று. டாக்டர் "பகுஸ்", நல்லது என்று அவள் முதுகைத் தட்டி, தலைவலிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோயிலுக்குத் தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தேன்.

"அப்பா, நான்தானே ஜெயிச்சேன்?"

"எதுலம்மா?"

"அந்த மணி ஆட்டத்துல! அவரு மணியப் பார்க்கிறப்ப நான் டக்குன்னு கண்ணத் திருப்பிப் பார்த்துட்டேன். அவருக்குத் தெரியவே இல்ல." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நேரா பார்த்தா இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லப்பா. இருட்டுகூட இல்ல. தோத்தா அவரும் பூத்தான்னு சொல்லுவாருல்ல?"

பிரேக் பிடித்தேன். டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், பேசாமல் கோயிலுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. திரும்பிப் போனால் என்ன கேட்க வேண்டி வருமோ! ஆனாலும் சைக்கிளைத் திருப்பினேன்.

டாக்டர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் உடனே திறந்தார். இந்த முறை என்னைக் கறுப்புத் துணியின் அருகே நிற்கவைத்து, அவள் கண்ணையே பார்க்கச் சொன்னார்.

"தோத்தாலும் அப்பா உன்னோடதாம்மா இருப்பேன். தெரியலன்னா சொல்லவேணாம்," என்றேன்.

இடது பக்கத்திலிருந்து மணி வந்தது. அவள் கண் அசையவில்லை, வாயும் அசையவில்லை. மணி இன்னும் உள்ளே வந்தது. பெற்ற பிள்ளையின் கண்ணுக்கு நேராக நின்று, அது மணியைக் காணாமல் இருப்பதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்ததில்லை. மணி புள்ளியைத் தொடப்போகும்போதுதான் மெதுவாக "அடா" என்றாள்.

கண்ணுக்குப் பின்னால் நரம்பை ஏதோ அழுத்துகிறது, உடனே சிங்கப்பூர் போங்கள் என்றார். போனோம். அறுவை செய்த டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார். இடது ஓரம் அவளுக்கு இன்றும் மங்கல்தான். ஆனாலும் தன் பிள்ளைகளின் முகத்தை நன்றாகப் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து நான் சாமியிடம் நல்ல சேதி கேட்பதில்லை. உண்மையைக் காட்டு, அதைக் கேட்கும் தைரியத்தையும் நீயே கொடு என்றுதான் கும்பிடுகிறேன்.