லினக்ஸில் வந்த mk;kh

கொழும்பு வெள்ளவத்தையில் நண்பனின் நெற் கஃபே கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு நேற்று நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். "இலவசம், வைரஸ் இல்லை, எல்லாருக்கும் சரிவரும்" என்று புளுகினேன்.

இன்று அங்கே, வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கும் ஒரு தாய் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வெளிநாட்டுக்கெண்டு ஏஜென்சியோட வெளிக்கிட்ட மகன். மூண்டு மாசமாக் கதையில்லை. இண்டைக்குத்தான் மெயில் வந்திருக்கு. ஏன் இங்கிலீசில எழுதியிருக்கிறான்?"

திரையில் இப்படி இருந்தது:
mk;kh ehd; Rfk;

அவன் எழுதியது தமிழ்தான். அவன் எழுதிய பாமினி எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ் இப்படி ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்; நான் அதைப் போட மறந்திருந்தேன். பாமினியில் தட்டச்சு செய்த பழக்கத்தில் வாசித்துச் சொன்னேன்:
"அம்மா நான் சுகம்."

"இன்னொருக்கா வாசியுங்கோ தம்பி."

நான்கு தரம் வாசித்தேன்.

லினக்ஸ் சாதாரண ஆட்களுக்குச் சரிவருமா என்று இந்த வலைப்பதிவில் கேட்டவர்களே, சரிவரும். பக்கத்தில் பாமினியை வாசிக்கத் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்தில் அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா?