எண்ணெயில் கலந்தது

அம்மாவின் இடுப்பில் படை வந்தபோது எனக்குப் பத்து வயது. சிவந்து செதில் உதிர்ந்தது. படங்கு கட்டுகிற இடத்தைச் சுற்றியே இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் இறுக்கிக் கட்டும் தடித்த சாக்குதான் படங்கு. குற்றவாளி அதுதான் என்று, நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மூன்று வருடம் அந்தப் படங்கோடு சண்டை போட்டோம். வெந்நீரில் அவித்தோம். புதிது வாங்கினோம். துவைக்கிற சவர்க்காரத்தை மாற்றினோம். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வேப்பிலையை அரைத்துக்கொண்டு வருவார்.

“கருவாடு திங்காதன்னு சொன்னேன்ல? கேட்டாளா இவ?”

“கருவாடு இல்லாம சோறு எறங்கலக்கா.”

அன்றையிலிருந்து காரணம் கருவாடு.

தோட்டத்து மருந்தகத்தில் தந்த களிம்பைத் தடவினால் சிவப்பு அடங்கும். விட்டால் திரும்பி வரும். அம்மா மூன்று நாள் தடவுவார், நாலாம் நாள் மறப்பார். யார் சொல்லையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டர் சிங்களம்தான் பேசினார். அம்மாவுக்கு அது வராது. கடைவீதிப் பிள்ளைகளோடு விளையாடிய எனக்கு வரும். தோலில் சின்னத் துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மாதம் களிம்பு கூடாது, தேங்காய் எண்ணெய் மட்டும் தடவலாம் என்றார். ஏன் என்றும் சொல்லியிருப்பார். அந்தளவு சிங்களம் என்னிடம் இல்லை.

அந்த ஒரு மாதம்தான் அம்மா அதிசயமாகச் சொன்னதைக் கேட்டார். மலையிலிருந்து வந்ததும் இடுப்பைச் சுவரில் தேய்ப்பார். சேலையில் ரத்தம்.

“களிம்பு போட்டுக்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?”

“டாக்டரு வேணாம்னாருன்னு நீதானடி சொன்ன? பேசாம எண்ணெயத் தடவு.”

பேசாமல் தடவினேன். எண்ணெய்க் கிண்ணத்தில் களிம்பைக் கரைத்து, தினமும்.

“பாத்தீங்களாக்கா, வெறும் எண்ணெயிலயே அடங்கிருச்சு. எம்மக கை ராசி” என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெட்டும் நாளில், என்ன தடவினீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“எண்ணெ மட்டுந்தாங்கன்னு சொல்லு” என்றார் அம்மா. அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

வெட்டினார்கள். இரண்டு தையல். முடிவில் ஒன்றும் தெளிவாக வரவில்லை. சுகமாகாவிட்டால் மறுபடி வாருங்கள் என்றார்கள். “அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே” என்று அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் போனது.

படை தடித்துக் கட்டியான பிறகு மறுபடி வெட்டினார்கள். லிம்போமா என்றார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் உட்காரவைத்துச் சொன்னார். வழக்கமாக நெறிகட்டும் இடங்களில் வருகிற புற்றுநோயாம். அரிதாகச் சிலருக்குத் தோலிலேயே ஆரம்பிக்குமாம். பார்க்கப் படை மாதிரி இருக்கும், வெயில் படாத இடத்தில் அதிகம் வரும். படங்கு மேல் குற்றமில்லை. கருவாட்டின் மேலும் இல்லை. களிம்பு தடவியிருந்தால் மட்டும், வெட்டிப் பார்த்தாலும் பிடிபடாமல் போகலாம் என்றார்.

அம்மா இப்போதும் இருக்கிறார். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதம்கூடப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “மொதல்ல எம்மக எண்ணெ தடவியே அடக்கிட்டா” என்றார். நான் கிளினிக் அட்டையை எடுத்து எங்கள் நம்பரைப் பார்த்தேன்.

அந்தச் சிவப்புதான் டாக்டருக்கு வேண்டியிருந்தது. பதிமூன்று வயதில், அது அடங்கினால் போதும் என்று நினைத்தேன்.