எதிர்வீட்டைவிட ஒரு அடி

எங்கள் நகரில் வீடு கட்டும் எவரும் கொத்தனாரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "எதிர்வூட்டு பேஸ்மட்டத்தவிட ஒரு அடி ஏத்திடுப்பா." சிதம்பரத்துக்கு வெளியே வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம். 2004இல் அங்கே முதல் வீடு கட்டியவன் நான். எதிர்வீடே இல்லை, எதைப் பார்த்து ஏற்றுவது? பின்னால் வந்தவர்கள் ஒருவரைவிட ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் தெருவிலேயே பள்ளமான வீடு என்னுடையது.

சரி, ஏற்றித் தொலையட்டும். வாசல் மண்ணையாவது விட்டுவைத்தார்களா? கோலம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம், தார் ரோடு வரைக்கும் சிமெண்ட். மரம் வைத்தால் சருகு விழுமாம், மரமும் கூடாது. பழைய வயல் வாய்க்காலை மூடி அதன்மேல் கார் நிறுத்தினார்கள். ஐப்பசி மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் நேராக என் வீட்டுக்கு வந்தது. அங்கே மட்டும்தான் மண் இருந்தது, இரண்டு புங்கமரம், கொஞ்சம் வாழை. வந்த தண்ணீரை அந்த மண் குடித்து முடிக்க இரண்டு நாளாகும். அதுவரை கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து மேலே உட்கார்ந்திருப்போம். எங்களுக்குப் பின்னால், இன்னும் பள்ளத்தில், தையல் அக்காவின் ஓட்டு வீடு. என் மண்ணைத் தாண்டி அங்கே தண்ணீர் போனதில்லை.

எதிர்வீட்டு மாமாவிடம் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும் மாப்ள. பள்ளத்துல கட்டுனது ஒன் தப்பு" என்றார்.

நான் கட்டும்போது அது பள்ளமே இல்லை. பள்ளமாக்கியதே இவர்கள்தானே!

2011இல் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டார்கள். அதோடு என் பொறுமை போயிற்று. லோடு லோடாகக் கிராவல் மண் அடித்து வீட்டுத் தரையையும் வாசலையும் ஏற்றினேன். புங்கமரங்களை வெட்டினேன். வாசல் முழுக்கச் சிமெண்ட். மறுநாளே மனைவி பெரிய கோலமாகப் போட்டாள்.

அடுத்த மழையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு காபி குடித்தேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்போது தையல் அக்கா நனைந்துகொண்டே வந்தார். மெஷின் தலையைக் கழற்றி இடுப்பில் தூக்கியிருந்தார்.

"தம்பி, இத்தினி வருசமா வராத தண்ணி வூட்டுக்குள்ள வந்துடுச்சி. இத செத்த இங்க வெச்சிக்கிறியா?"

"தண்ணி பள்ளத்துக்குத்தானக்கா போவும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் மெஷினை என் காலடியில் வைத்துவிட்டு, மிச்சத்தை எடுக்கத் தண்ணீரில் இறங்கிப் போனார்.