தூதுவளையை மொட்டையடித்த ஞாயிறு

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் எங்கள் மாடி நடைபாதையில் பூந்தொட்டி வைக்காத வீடு குறைவு. ஆனால் தூதுவளை எங்கள் வீட்டில் மட்டும்தான். தேக்கா சந்தையில் எப்போதாவது ஒரு கட்டு கண்ணில் படும், போய்க் கேட்பதற்குள் தீர்ந்துவிடும். சுவா சூ காங்கில் ஒரு நண்பர் ஒடித்துக் கொடுத்த குச்சியை என் கணவர் பிள்ளையைப் போல வளர்த்தார். கத்தரிக்காய்க்குச் சொந்தம், இலையெல்லாம் முள். தண்ணீர் ஊற்றப் போனால் என் கையைத்தான் கிழிக்கும், அவரை ஒன்றும் செய்யாது.

அவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. மூன்று மாதமாக விடாத இருமல். தினமும் பத்து இலை பறித்து, முள்ளெடுத்து, மிளகு தட்டிப்போட்டு அவரே ரசம் வைத்துக் குடிப்பார். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், இந்தச் செடியை மருந்துக்காக ஆராய்கிறார்கள் என்று கைப்பேசியை நீட்டுவார்.

"ஆராயறாங்கன்னா இன்னும் தெரியலன்னுதானே அர்த்தம்?"

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் லா."

பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிறு அவர் வேலைக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்து ஓர் இலை விடாமல் வெட்டினேன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும் இடத்தில் பையைத் திறந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததில் பத்து நிமிடத்தில் காலி. கோயில் வாசலிலேயே பாவம் செய்கிறோம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்தவர் வெறும் குச்சியைப் பார்த்து நின்றுவிட்டார். "யாரு பறிச்சா?"

"நான்தான். மறுபடி இலை வர்றதுக்குள்ள எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடலாம்."

மறுநாள் என்னோடு மருந்தகத்துக்கு வந்தார். படத்தைப் பார்த்து, ஊதச் சொல்லியும் சோதித்த மருத்துவர், பயப்பட எதுவுமில்லை, ஆஸ்துமா, மூச்சோடு உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அடங்கிவிடும் என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் அழுதார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"எங்க பட்டறையில ஒருத்தருக்கும் இப்படித்தான் இருமல். டெஸ்ட் எடுத்தப்புறம் அவர் வேலைக்குத் திரும்பி வரவே இல்ல. அந்த இலைக்கு இருமல் கேக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

பிடிவாதம் என்று நினைத்து மூன்று மாதம் திட்டியிருக்கிறேன். அவரோ பக்கத்திலேயே உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறார்.